சம்மதம் சொன்னவர் ஒருவர், பதிவாகிறவர்கள் பலர்

வாசகர் கேள்வி – பதில்: இணையக் கருவிகளும் தனியுரிமைச் சட்டமும்

இணையத்தோடு இணைந்த கேமரா, டிவி, கைக்கடிகாரம், பூட்டு போன்றவற்றைப் பற்றிப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். பல பதில்களில் வரப்போகிற சட்டப் பின்னணியை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை என்பது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அதன் வழியில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைக்கும் பிரிவுகள் உடனே அமலுக்கு வந்துவிட்டன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருப்பதால், அறிவிக்கையின்படி அவை 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும்.

கேள்வி: நாங்கள் அல்சூரில் முதல் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் மாடிப்படி முடிகிற இடத்தில் எங்கள் வாசலைப் பார்த்தபடி ஒரு கேமரா மாட்டியிருக்கிறார். பேச்சும் அதில் பதிவாகிறது. "நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு யார் வந்தது?" என்று அவர் கேட்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. புதிய சட்டத்தில் இதற்கு வழி உண்டா? – அல்சூர் வாசகி

நீங்கள் எதிர்பார்க்கும் வழி புதிய சட்டத்தில் இல்லை. தனிமனிதர் ஒருவர் தன் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ கையாளும் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3ஆம் பிரிவே சொல்கிறது. உங்கள் வீட்டுச் சொந்தக்காரர் அந்த விலக்கின் கீழ்தான் நிற்பார். ஐரோப்பாவில் இதே கேள்வி எழுந்தபோது, வீட்டைப் பாதுகாக்க மாட்டிய கேமராவானாலும் அது பொதுவழியையும் சேர்த்துப் பதிவு செய்தால் அதை வெறும் வீட்டுத் தேவை என்று கொள்ள முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொல்லிவிட்டது. நம் சட்டத்தில் அந்த எல்லை எங்கே என்பதை நம் நீதிமன்றங்கள் இனிமேல்தான் வரைய வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களின் வாசலை மனத்தில் வைத்து அதை வரைவார்கள் என்று நம்புகிறேன்.

இருந்தாலும் நீங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழும் சகோதரர்களுக்கு இடையே, ஒருவர் மற்றவரின் சம்மதமில்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைத்த வழக்கில், அது தனியுரிமையை மீறுவது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. உங்கள் வாசல் ஒரு வீட்டின் உட்பகுதி அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடலாம் என்றாலும், கதவு திறக்கும்போதெல்லாம் உங்கள் கூடத்தை அந்தக் கேமரா பார்க்கிறது, கதவுக்குப் பின்னே பேசுவதையும் அதன் மைக் பிடிக்கிறது என்பவை உங்கள் பக்கம் வலுவான உண்மைகள். ஆகவே இரண்டு கோரிக்கைகளை மட்டும் எழுத்தில் வையுங்கள்: கேமராவின் கோணத்தைப் படிக்கட்டின் பக்கம் திருப்ப வேண்டும், ஒலிப்பதிவை நிறுத்த வேண்டும். திருட்டுப் பயத்துக்காகக் கேமரா வைத்தேன் என்பவருக்கு இந்த இரண்டாலும் எந்த நட்டமும் இல்லை. பெரும்பாலான வீட்டுக் கேமராக்களின் செயலியில் ஒலிப்பதிவை அணைக்கத் தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. பலவற்றில் படத்தின் குறிப்பிட்ட பகுதியைக் கறுப்பாக மறைத்துவிடும் வசதியும் உண்டு. அவர் மறுத்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். அடுத்த முறை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கேமரா பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். குளியலறை, உடை மாற்றும் இடம் ஆகியவற்றை நோக்கிக் கேமரா திரும்பினால் அது வேறு விவகாரம். அந்தரங்க நிலையில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படியும், அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படியும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். அப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் நேரே காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டு விலக்கு அந்தத் தனிமனிதருக்கு மட்டும்தான். கேமரா நிறுவனத்துக்கு அல்ல. உங்கள் வாசல் காட்சி அந்த நிறுவனத்தின் கிளவுட் சர்வரில் போய்ச் சேர்கிறது என்றால், அங்கே அதற்கு நிறுவனமே பொறுப்பு. வீட்டுக் கேமராக்கள் விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் படுக்கையறைக் காட்சிகளைக்கூடப் பார்க்க முடிந்தது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023இல் குற்றம் சாட்டி, 58 லட்சம் டாலர் செலுத்த வைத்தது. அங்கே கேமரா வாங்கியவராவது ஒரு பொத்தானை அழுத்திச் சம்மதம் சொல்லியிருப்பார். உங்களிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை.

கேள்வி: என் அம்மா பெல்லந்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். வாசலில் செயலி வழியாகத்தான் உள்ளே விடுகிறார்கள். அம்மாவின் புகைப்படம், கைப்பேசி எண், தினமும் வந்துபோகும் நேரம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு வீட்டில் சம்பளத் தகராறில் வேலையை விட்டதும், அந்த வீட்டம்மா குறைந்த நட்சத்திரம் போட்டுவிட்டார். இப்போது புதிய வீடு கிடைப்பதில்லை. அம்மா எதிலும் கையெழுத்துப் போடவில்லை. காவலாளி கேட்டபோது ஓடிபி எண்ணை மட்டும் சொன்னார். – ஈஜிபுரா வாசகி

எனக்கு வந்தவற்றுள் மிக முக்கியமான கடிதம் இதுதான். முன்பெல்லாம் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடந்தது. பெயரும் நேரமும் எழுதிவிட்டுப் போவார்கள், பக்கம் தீர்ந்தால் அது பழைய காகிதக் கடைக்குப் போய்விடும். அந்த நோட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஏனென்றால் இது டிஜிட்டல் வடிவில் இருக்கும் தரவுக்கு, அல்லது பின்னர் அந்த வடிவுக்கு மாற்றப்பட்ட தரவுக்கு மட்டுமே உரியது. செயலியில் ஏறிய உங்கள் அம்மாவின் தரவுக்கு அது முழுமையாகப் பொருந்தும். குடியிருப்போர் சங்கம் தனிமனிதர் அல்ல என்பதால் அல்சூர் கடிதத்தில் சொன்ன வீட்டு விலக்கையும் அது கோர முடியாது.

சட்டம் கேட்கிற சம்மதம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். அது சுதந்திரமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விஷயம் தெரிந்து, நிபந்தனையின்றி, ஐயத்துக்கு இடமில்லாத ஒரு செயலால் தரப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முன் என்ன தரவு, எதற்காக, எங்கே முறையிடுவது என்பதை அறிவிப்பாகத் தர வேண்டும். அதை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அளிக்க வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது; எனவே கர்நாடகத்தில் வேலை செய்தாலும் உங்கள் அம்மாவுக்குத் தமிழில் கேட்டுப்பெறும் உரிமை உண்டு. சட்டம் அமலுக்கு வருமுன் வாங்கிய தரவுக்கும், அமலுக்கு வந்தபின் கூடிய விரைவில் இந்த அறிவிப்பைத் தந்தாக வேண்டும். சம்மதம் முறையாகப் பெறப்பட்டதா என்ற கேள்வி எழுந்தால், ஆம் என்று நிரூபிக்கும் பொறுப்பு தரவை வைத்திருப்பவருடையது. உள்ளே விட மாட்டார்கள் என்ற நிலையில் காவலாளியிடம் வாய்விட்டுச் சொன்ன ஓடிபி, அந்த நிரூபணத்துக்கு எந்த வகையில் போதும் என்று எனக்குப் புரியவில்லை.

சங்கத்தார் வேறொரு கதவைத் தட்டலாம். வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்கும், வேலை கொடுப்பவரை இழப்பிலிருந்து காப்பதற்கும் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள 7ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு வேலை கொடுத்தவர்கள் நான்கு வீட்டார், சங்கம் அல்ல. ஒரு வீட்டார் போட்ட நட்சத்திரத்தை மற்ற எல்லா வீடுகளுக்கும் காட்டுவதை அந்தப் பிரிவுக்குள் அடக்குவது சட்டத்தை அளவுக்கு மீறி இழுப்பது என்பது என் கருத்து.

உங்களுக்கு அதிகம் கைகொடுக்கக்கூடியது 8ஆம் பிரிவு. ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கப் பயன்படக்கூடிய தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் முரணின்றியும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, அதை வைத்திருப்பவரின் கடமை என்கிறது அது. சம்பளம் கேட்டதால் வந்த தகராறு என்ற விவரம் இல்லாமல் நட்சத்திரம் மட்டும் நிற்பது முழுமையான தரவாகாது. திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையை 12ஆம் பிரிவு தருகிறது. இவை 2027 மே வரை அமலுக்கு வராது என்றாலும், இப்போதே சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள். நாளை தாங்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம் இது என்று தெரிந்தால் இன்றே சரிசெய்கிறவர்களும் உண்டு. அம்மா வேலை செய்யும் மற்ற மூன்று வீட்டாரில் ஒருவர் அந்தக் கடிதத்தோடு சங்கக் கூட்டத்துக்கு வந்தால் அதன் வலு கூடும். வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கங்கள் பெங்களூரில் இயங்குகின்றன. அவற்றில் ஒன்றையும் அணுகுங்கள். பாக்கிச் சம்பளத்தைத் தனியாகக் கேளுங்கள். இதோடு கலக்க வேண்டாம்.

கேள்வி: நான் என்ன பார்க்கிறேன் என்பதை என் ஸ்மார்ட் டிவி கவனிக்குமா? – ராஜாஜிநகர் வாசகர்

கவனிக்கக்கூடியது. திரையில் ஓடும் காட்சியின் துணுக்குகளை எடுத்து ஒப்பிட்டு, எந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் நுட்பம் பல டிவிகளில் உண்டு. கேபிளில் வந்தாலும், செட்-டாப் பெட்டி வழியே வந்தாலும் அது வேலை செய்யும். அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் டிவிகளிலிருந்து பார்ப்பவர்களின் சம்மதமில்லாமல் இப்படி நொடிக்கு நொடி தரவு திரட்டியதாக வந்த வழக்கு, 2017இல் 22 லட்சம் டாலரில் முடிந்தது. டிவியின் அமைப்புகளில் தனியுரிமை அல்லது விதிமுறைகள் என்ற பகுதிக்குள் 'பார்வைத் தகவல்' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதையும் விளம்பரத்துக்கான தேர்வையும் அணைத்துவிடுங்கள். படம் ஓடுவதற்கு எந்தத் தடையும் வராது.

கேள்வி: எட்டு வயது மகளுக்கு இருப்பிடம் காட்டும் கைக்கடிகாரம் வாங்கலாமா? பேசும் பொம்மையும் கேட்கிறாள். – ஒயிட்ஃபீல்டு வாசகர்

கடிகாரம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவுட்டர் ரிங் ரோட்டில் பள்ளிப் பேருந்து சிக்கிக்கொண்டால் பெற்றோருக்கு வரும் கவலை எனக்குத் தெரியும். 18 வயது நிரம்பாதவர்கள் அனைவரும் இந்தச் சட்டத்தின் பார்வையில் குழந்தைகள்தாம். அவர்களுடைய தரவைத் தொட, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும்; அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. பள்ளி வாகனத்தில் செல்லும் குழந்தையின் பாதுகாப்புக்காக இருப்பிடத்தை அறிவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் விதிகள் வரம்புக்குட்பட்ட விலக்குத் தருகின்றன. ஆகவே கடிகாரம் வாங்கும்போது பாதையைக் காட்டுவதோடு அது நிற்கிறதா, எத்தனை நாள் பாதைகளைச் சேமித்து வைக்கிறது, பழையதை நீங்களே அழிக்க முடியுமா என்று பாருங்கள். அழிக்கும் வசதி இல்லாத கடிகாரத்தை வாங்காதீர்கள்.

பேசும் பொம்மை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: வேண்டாம். 'மை ஃப்ரெண்ட் கேலா' என்ற பொம்மையை ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு 2017இல் தடை செய்து, அதை மறைவான ஒட்டுக்கேட்புக் கருவி என்றே வகைப்படுத்தியது. குழந்தைகளின் குரல்பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததற்காக அலெக்சா விவகாரத்தில் அமேசான் நிறுவனம் 2023இல் 2 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. உங்கள் மகளுக்காக நீங்கள் சம்மதம் தரலாம். அவளோடு விளையாட வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்காக நீங்கள் தர முடியாது.

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் மலிவாக ஒரு வைஃபை கேமரா வாங்கினேன். செயலி தொடர்பு எண்கள், இருப்பிடம், மைக் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா? – சிவாஜிநகர் வாசகர்

தொடர்பு எண்களுக்கு அனுமதி வேண்டாம். கேமராவுக்கு அதில் எந்த வேலையும் இல்லை. சட்டமே இதற்கு நிகரான ஓர் உதாரணம் தருகிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைத் தரவோடு தொடர்பு எண்களுக்கும் சம்மதம் கேட்டு, நோயாளி இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டாலும், தேவையில்லாத தொடர்பு எண்களுக்கு அந்தச் சம்மதம் செல்லாது. இருப்பிடம் கேட்பதில் மட்டும் ஒரு நியாயம் உண்டு. சுற்றியுள்ள வைஃபை, புளூடூத் கருவிகளைத் தேட ஆண்ட்ராய்டின் பல பதிப்புகளில் இருப்பிட அனுமதி தேவைப்படுகிறது. ஆகவே இணைக்கும்போது கொடுத்துவிட்டு, இணைந்தபின் எடுத்துவிடுங்கள். கேமரா வழியாகப் பேசுவதாக இருந்தால் மட்டும் மைக் அனுமதி கொடுங்கள்.

அதைவிட அவசரமானது, கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு தாள். கியூஆர் குறியீடும் கருவி எண்ணும், சிலவற்றில் தொடக்கப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அச்சாகியிருக்கும். அந்தத் தாளைப் படமெடுத்து விற்பனைக் குழுக்களில் போடாதீர்கள். கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துத் திரட்டியது. அவ்வாண்டு அக்டோபரில் அவற்றைக் கொண்டு நடந்த தாக்குதலில் அமெரிக்காவில் பெரிய இணையதளங்கள் பல மணிநேரம் முடங்கின. எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு கருவிகளை விற்பதையே பிரிட்டன் 2024 ஏப்ரல் முதல் தடை செய்துவிட்டது. நம் நாட்டிலும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கும் விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கடையில் கிடக்கும் பழைய சரக்கா, சோதனைக்கு உட்பட்ட மாதிரியா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

கேள்வி: 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறார்களே, என் தரவு கசிந்தால் எனக்கு எவ்வளவு கிடைக்கும்? – ஜீவன்பீமாநகர் வாசகர்

ஒன்றும் கிடைக்காது. அந்தத் தொகை இந்தியாவின் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். இப்போது இருக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, கைரேகை, கடவுச்சொல், உடல்நலம், வங்கி விவரம் போன்றவற்றை அலட்சியமாகக் கையாண்டு நட்டம் விளைவித்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழி தருகிறது. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே அதை விசாரிக்கும் அலுவலர். 2027 மே மாதத்தில் புதிய பிரிவுகள் வரும்போது இந்தப் பிரிவு நீங்கிவிடும். உங்கள் வீட்டுக் கைரேகைப் பூட்டு போன்ற ஒரு கருவியின் நிறுவனத்திடமிருந்து கசிவு நேர்ந்து இழப்பும் இருந்தால், அதற்குமுன் விண்ணப்பித்துவிடுங்கள். பிறகும் மிஞ்சி நிற்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்: நம்பிக்கையின் பேரில் தந்த சொந்தத் தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியிடுவது அதன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பணம் பறிபோயிருந்தால் எதற்கும் காத்திராமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: நிறுவனத்துக்கு என்ன எழுத வேண்டும்? ஆங்கிலத்தில் எழுத எனக்குச் சரளம் போதாது. – ஸ்ரீராமபுரம் வாசகர்

தமிழிலேயே எழுதலாம். அறிவிப்பும் சம்மதக் கோரிக்கையும் தமிழில் கிடைக்கத்தான் சட்டம் வழி செய்கிறது. உங்கள் கடிதத்துக்குத் தமிழில் பதில் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. எனவே வாக்கியங்கள் எளிமையாக இருக்கட்டும்:

"இந்த எண்ணுள்ள கருவியைப் பயன்படுத்துகிறேன். என்னைப் பற்றியும் என் வீட்டிலிருப்பவர்களைப் பற்றியும் நீங்கள் வைத்திருக்கும் தரவின் சுருக்கத்தைத் தாருங்கள். அதை வேறு எந்த நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரிவியுங்கள். விளம்பரத்துக்கு நான் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். இன்ன தேதிக்கு முந்தைய ஒலி, ஒளிப் பதிவுகளை அழித்துவிட்டு அதை உறுதிப்படுத்துங்கள். உங்கள் அறிவிப்பைத் தமிழில் அனுப்புங்கள்."

செயலியின் தனியுரிமைப் பக்கத்தில் குறைதீர்ப்பு முகவரி இருக்கும். அங்கே அனுப்பி, அனுப்பிய நாள் தெரியும்படி ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். குறைக்குப் பதில் தர விதிகள் நிறுவனத்துக்கு அனுமதிக்கும் உச்ச அவகாசம் 90 நாள். நிறுவனத்திடம் முறையிட்டு அந்த வழி தீர்ந்த பிறகே தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அணுகலாம் என்பதால், இந்தக் கடிதத்தின் படி உங்களிடம் இருந்தாக வேண்டும். வாரியத்தின் முடிவிலும் குறையிருந்தால் மேல்முறையீடு டெல்லியிலுள்ள தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்ப்பாயத்துக்குப் போகும்.